சும்மா இருத்தலின் பொருளியல்: ஒன்பதின்மர் போக்கர் மேசையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

உழைத்தால் கூலி உண்டு என்பது நீதிநூல் சொல்வது. உழைக்காமலும் கூலி உண்டு என்பது அலுவலகம் சொல்வது. இவற்றுள் பின்னதை எண்களால் நிறுவத்தக்க களம் எது என்ற தேடலின் விளைவே இக்கட்டுரை. அக்களம் ‘சிட் அண்ட் கோ’ எனப்படும் ஒற்றை மேசை இணையப் போக்கர் போட்டியாகும்.

இப்போட்டிக்குக் குறித்த நேரம் கிடையாது. ஆள் நிரம்பினால் கிளம்பும் ஷேர் ஆட்டோவைப் போல, ஒன்பதாவது நாற்காலி நிரம்பிய நொடியில் சீட்டு விழத் தொடங்கும். இவ்வாய்வு எடுத்துக்கொள்ளும் மேசையில் ஒருவர் கட்டுவது 11 டாலர். அதில் 10 பரிசுக்கு, 1 மேசை போட்டவருக்கு. திரளும் 90 டாலரில் முதலிடத்துக்கு 45, இரண்டாமிடத்துக்கு 27, மூன்றாமிடத்துக்கு 18. எஞ்சிய அறுவருக்கு அனுபவம். ஆளுக்கு 1,500 சில்லு தரப்படும். அது தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். மறுபடி வாங்க முடியாது. நடுவில் எழுந்து சில்லைக் காசாக்கவும் முடியாது.

ஆய்வு எல்லை

தமிழ்நாடு 2022இலும் இந்திய நாடாளுமன்றம் 2025இலும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைக் குறித்துச் சட்டம் இயற்றிவிட்டபடியால், களப்பணி கடல் கடந்து அமைகிறது. காலம் 2003 முதல் 2011 வரை. தொடக்க ஆண்டுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் (பெயர் உண்மையானதே) 86 டாலர் இணையத் தகுதிப் போட்டி ஒன்றின் வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து, 2003இல் 25 லட்சம் டாலர் வென்றார். அதன்பின் கணக்கு எழுதுவோர் பலருக்குக் கணக்கு எழுதுவதில் நாட்டம் குறைந்தது. முடிவு ஆண்டுக்கான காரணம் உரிய இடத்தில் கூறப்படும்.

முன்னாய்வுகள்

இத்துறை அறிஞர்களால் புறக்கணிக்கப்பட்டது என்று எழுதுவது ஆய்வேட்டு மரபு. இங்கே அம்மரபைக் காக்க இயலவில்லை. ஜான் வான் நியூமனும் ஓஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டுப் பெருநூலில் போக்கருக்கு இடம் தந்துள்ளனர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜான் நாஷ், 1950இல் பிரின்ஸ்டனில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் மூவர் ஆடும் எளிய போக்கரை எடுத்துக்காட்டாக ஆராய்ந்துள்ளார். அவ்வேடு முப்பது பக்கத்தை எட்டவில்லை என்பதை நம் பல்கலைக்கழகங்கள் கவனிக்காமலிருப்பது நல்லது.

டேவிட் ஹார்வில் 1973இல் குதிரைப் பந்தயத்தில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் எந்தக் குதிரை வரும் என்று கணிக்க ஒரு சூத்திரம் தந்தார். மேசன் மால்முத் 1987இல் அதே வழியைப் போக்கர் போட்டிக்குக் கொண்டுவந்தார். ஆங்கில முதலெழுத்துகளால் ஐசிஎம் என்று ஆட்டக்காரர் வழங்குவது இதுவே. காலின் மோஷ்மன் 2007இல் இவ்வகை மேசைக்கென்றே தனி நூல் எழுதினார்.

‘சீட்டு ஆடுகிறவன் உருப்பட மாட்டான்’ என்னும் முடிவும் முன்னாய்வாகப் பதிவுசெய்யத் தக்கது. இது வீடுதோறும் வாய்மொழியாக வழங்குகிறது. ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை, பெரும்பாலும் தாயார்.

கருதுகோள்

மேசையில் இருவர் மோதும்போது, மோதாதவர் சம்பாதிக்கிறார்.

முதற்பருவம்

ஹார்வில் வழி எளியது. ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு, மொத்தச் சில்லில் அவர் கையிலுள்ள பங்கு. முதலிடம் பெற்றவரை நீக்கிவிட்டு, எஞ்சியவரிடையே அதே விகிதத்தில் இரண்டாமிடத்தைப் பார்க்க வேண்டும், மூன்றாமிடத்துக்கும் அவ்வாறே. ஆட்டம் தொடங்கும்போது ஒன்பதின்மரும் சமம். ஆளுக்கு 10 டாலர் மதிப்பு.

முதல் கையிலேயே இருவர் மொத்தச் சில்லையும் வைத்து மோதுவதாகக் கொள்வோம். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தை எளிமை கருதி ஒதுக்கிவிடலாம். வென்றவர் கையில் 3,000 சில்லு. சில்லு இரட்டித்தது, பணமும் இரட்டித்து 20 டாலர் ஆகியிருக்க வேண்டுமல்லவா? ஆகவில்லை. கணக்குப் போட்டால் 18 டாலர் 25 சென்ட்தான் வருகிறது. முதலிடத்துக்கே பாதிப் பரிசுதான் என்பதால், மேசையிலுள்ள சில்லு முழுவதையும் வாரினாலும் 90 டாலரையும் வார முடியாது. சில்லு பெருகப் பெருக, ஒவ்வொன்றின் விலையும் குறைகிறது.

காணாமற்போன 1 டாலர் 75 சென்ட் எங்கே? வேடிக்கை பார்த்த எழுவரிடம், ஆளுக்கு 25 சென்ட் வீதம். அவ்வேளையில் அவர்களுள் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் அவர் பங்கு குறைவதில்லை. மோதியவரோ நூற்றுக்கு ஏறத்தாழ 55 முறை வென்றால்தான் முதலுக்கு மோசமில்லை. ஆகவே, பூவா தலையா என்று சரிபாதி வாய்ப்பில் இறங்குவது நட்டம் என நிறுவப்பட்டது.

எனவே முதற்பருவத்தின் விதி, சீட்டைப் பார்த்து மடித்தல், அதாவது அந்தக் கையில் பந்தயம் வைக்காமல் விலகுதல். கைக்கு வரும் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். இரண்டும் ஒரே சாதியா வெவ்வேறா என்பதை மட்டும் கணக்கில் கொண்டால் 169 வகை. இவற்றுள் இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒருமுறை. பெரிய ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் தவிர மற்றவற்றைத் துறக்கலாம். சிறு ஜோடியை மலிவாகக் கிடைத்தால் வைத்திருக்கலாம். எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் சீட்டுகளுள் முதல் மூன்றில் அதே எண் இன்னொன்று வருவது எட்டரைக்கு ஒருமுறை. வராதபோது விட்டுவிடும் மனத்திண்மை வேண்டும். இத்திண்மை உடையோர் இணையத்தில் அரியர்.

இடைப்பருவம்

பிளைண்ட் சிறியது 10, பெரியது 20 என்று தொடங்கிச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். ஒருவர் பின் ஒருவராக ஆள் குறைவர். குறைகிறவர் நாமல்லர் என்பதே இப்பருவத்தின் சிறப்பு.

நால்வர் நிலை

கருதுகோளின் உயிர் இங்கே உள்ளது. நால்வர் எஞ்சியிருக்கின்றனர், மூவருக்குத்தான் பரிசு. ஆட்டக்காரர் இதை ‘பபிள்’ என்பர். நால்வருக்கும் சமமாக 3,375 சில்லு என்றால், ஆளுக்கு 22 டாலர் 50 சென்ட் மதிப்பு. இப்போது இருவர் முழுதும் வைத்து மோதினால், வென்றவர் மதிப்பு 34 டாலர் 50 சென்ட். தோற்றவருக்குச் சுழியம். வாய் திறக்காத இருவரும் ஆளுக்கு 27 டாலர் 75 சென்ட் ஆகின்றனர். ஒரு சீட்டும் தொடாமல் 5 டாலர் 25 சென்ட் வரும்படி.

வென்றவர் பெற்றது 12, தோற்றவர் இழந்தது 22.50. இந்த மோதலில் இறங்க நூற்றுக்கு 65 வெற்றிக்கு மேல் உறுதி வேண்டும். எதிரி ஏஸ்-ராஜாவைத் திறந்துகாட்டி முழுதும் வைக்கிறார். உம் கையில் இரண்டு ராணி. வாய்ப்பு உம் பக்கமே, நூற்றுக்கு ஏறத்தாழ 57. ஆயினும் மடிக்க வேண்டும். ஜெயிக்கும் கை என்று தெரிந்தே மடிக்கச் சொல்லும் வேறு சாத்திரம் உண்டா என்று தேடியதில், திருமணமானோர் சிலர் மட்டும் புன்னகைத்தனர்.

நால்வருள் ஒருவர் கையில் ஒரு பிளைண்டுக்கே சில்லு எஞ்சியிருந்தால் அறம் இன்னும் கடுமையாகிறது. நடுத்தரச் சில்லுக்காரர் பெருஞ்சில்லுக்காரரோடு மோதவே கூடாது. நொடிந்தவர் வெளியேறும் வரை முகம் மாறாமல் அமர்ந்திருக்க வேண்டும். பெருஞ்சில்லுக்காரர் இதை அறிவார். ஆதலால் எந்தச் சீட்டு வந்தாலும் துணிந்து பந்தயம் ஏற்றுவார்.

தடையும் விடையும்

தடை: ஓயாமல் மடித்துக்கொண்டே இருந்தால் பிளைண்டே சில்லை அரித்துத் தின்றுவிடாதோ?

விடை: தின்றுவிடும். ஆகவே சில்லு, பெரிய பிளைண்டில் பத்து மடங்காகவோ அதற்குக் குறைவாகவோ சுருங்கியதும் இரண்டே செயல்: மடித்தல், அல்லது முழுதும் வைத்தல். இடைப்பட்ட தொகை வைப்பது, ஓடவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தவிப்பது. முந்தி வைக்கிறவர் இரு வழியில் வெல்லலாம்: எல்லாரும் மடித்தால் அங்கேயே; யாரேனும் ஈடாக வைத்துப் பிடித்தால், சீட்டு துணைசெய்யும்போது. பிடிக்கிறவருக்குச் சீட்டு ஒன்றே துணை. எனவே முந்தி வைப்பதற்குப் போதுமான கை, பிடிப்பதற்குப் போதாது. இவ்விடைவெளியைக் கோட்பாடாக வகுத்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி.

மறுதடை: முழுதும் வைப்பது செயலாயிற்றே, கருதுகோள் கெட்டதன்றோ?

விடை: கெடவில்லை; உயர்ந்தது. தான் சும்மா இருத்தல் கீழ்நிலை. பிறரைச் சும்மா இருக்கச் செய்தல் மேல்நிலை. நிர்வாக இயல் அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் தடை: எதிரி இக்கோட்பாட்டை அறியாதவராயின்?

விடை: அவர் ஏஸ்-ஏழை வைத்துக்கொண்டு ‘பார்த்துவிடுவோம்’ என்று பிடிப்பார். கோட்பாட்டின்படி அவர் செய்தது பிழை. நால்வர் நிலையில் அப்பிழையின் செலவு, வைத்தவர், பிடித்தவர் இருவருக்கும் பகிரப்படும். இலாபம் மற்ற இருவருக்குப் போகும். கற்றவர் அவரைத் திட்டுவார். திட்டுவதும் பிழையே; அடுத்த ஆட்டத்துக்கு அவர் வராமற்போனால் நட்டம் திட்டியவருக்கு.

உயர்நிலைச் சாதகர் இருவர்

முதலாமவர், மேசையில் இல்லாதவர். இணைப்பு அறுந்தோ தூங்கிப்போயோ நாற்காலியை மட்டும் விட்டுச்சென்றவருக்கு எந்திரமே பிளைண்ட் கட்டிச் சீட்டை மடிக்கும். மற்றவர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினால், இவரும் சிலவேளை பரிசு எல்லைக்குள் வந்துவிடுவதுண்டு. மோதி நான்காமவராக வெளியேறியவர் அப்போது அடையும் மனநிலை தனி ஆய்வுக்குரியது.

இரண்டாமவர், மேசை போட்டவர். ஒவ்வொரு மேசையிலும் 9 டாலர். ஏஸும் வேண்டாம், ராணியும் வேண்டாம். சராசரி ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு 1 டாலர் வீதம் இழந்துகொண்டே இருக்க, இவர் மட்டும் எந்தக் கையிலும் தோற்பதில்லை. இவரை வெல்ல அமெரிக்க அரசு வரவேண்டியிருந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டு நீதித்துறை போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய மூன்று நிறுவனங்களை நிறுவியவர்கள் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டு, அவற்றின் இணைய முகவரிகளையும் கைப்பற்றியது. அதுவரை சும்மா இருந்து சம்பாதித்த அந்நாட்டு ஆட்டக்காரர் பலர், அதற்குப்பின் சும்மா மட்டும் இருந்தனர்.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது, ஒரு திருத்தத்துடன். மோதாதவர் சம்பாதிக்க, மோதுகிறவர் மேசையில் இருந்தாக வேண்டும். ஒன்பதின்மரும் இக்கட்டுரையைக் கற்றுத் தேர்ந்து அமர்ந்தால், யாரும் யாருக்கும் 25 சென்ட்கூடத் தரமாட்டார். நீண்ட காலக் கணக்கில் ஆளுக்கு 1 டாலர் போய்க்கொண்டிருக்கும். மேசை போட்டவர் மட்டும் வாழ்வார். நடந்ததும் ஏறத்தாழ அதுவே. எந்தக் கையை எப்போது வைப்பது, எப்போது மடிப்பது என்ற கணக்கு நூலாகவும் மென்பொருளாகவும் பரவப் பரவ, இவ்வகை மேசையில் வருமானம் மெலிந்தது. சும்மா இருக்கும் கலை, அதைக் கல்லாதவர் செலவில் நடப்பது.

ஆதலின் இக்கட்டுரையின் பயன், இதைப் படித்தவர் தொகைக்கு நேர்மாறாக அமையும். நூலகத்தில் ஒரு படி வைத்து, எவரும் தொடாமல் காக்கப்படுமாயின் இதன் முடிபுகள் நெடுங்காலம் செல்லுபடியாகும். நம் ஆய்வேடுகளுக்குரிய வழக்கமான பராமரிப்பே இதற்கும் போதுமானது.