நடுக்களத்துக்கு இன்னொரு காவலாள்

கேள்வி: எங்கள் கழகத்தில் தடுப்பு மத்தியகள வீரர் ஒருவர் நன்றாகவே ஆடுகிறார். இன்னொருவரையும் எடுக்க வேண்டுமா? (வாசகர், திகன)

பதில்: கட்டாயம் எடுங்கள். 2003இல் ரியல் மட்ரிட் பெக்காமை வாங்கி, தன் தடுப்பு மத்தியகள வீரர் மெக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. அடுத்த லீக் கிண்ணம் கைக்கு வர 2007 ஆனது. ஒருவரே போதுமென்றால் ரொட்ரியைப் பாருங்கள்: 2024 செப்டெம்பரில் முழங்கால் போனது, தொடர்ந்து நான்கு முறை சாம்பியனான அவரது அணி மன்செஸ்டர் சிட்டி அந்தப் பருவத்தில் மூன்றாமிடம். பக்கப் பின்கள வீரர் மேலே ஓடியதும் அவர் விட்ட இடத்தில் போய் நிற்பவர் தடுப்பு மத்தியகள வீரர்தான். கைதட்டல் கிடைக்காத வேலை. வாங்கக் காசில்லையா? உங்கள் கண்டி றக்பி ஊராயிற்றே! ஆளை மறிக்கத் தெரிந்த பொடியன்கள் தாராளம். ஒருவனைக் கூட்டிவந்து, கையை மட்டும் அடக்கப் பழக்குங்கள்.