கருவறைக்குள் அணிவகு!

இந்திய இராணுவத்தில் கடவுள் இல்லாமலும் சேரலாம். சேரும்போது எடுக்கிற உறுதிமொழியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். இரண்டாவதைச் சொன்னவனை ஏனப்பா என்று ஒருவரும் கேட்க முடியாது. அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு அந்தளவு நாகரிகம் இருந்தது. அந்த நாகரிகம், படைப்பிரிவுகள் வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிற மத அணிவகுப்பு வரைக்கும் வந்து, செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் கடவுள் இல்லாதவர் அல்லர். கிறிஸ்தவரான அவருக்கு ஒரு கடவுள் இருக்கிறார். ஒரே ஒரு கடவுள் என்பதுதான் வில்லங்கம். 2017 மார்ச்சில் அதிகாரியாகி 3ஆவது கவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவுக்குப் போனார். சீக்கியர், ஜாட், ராஜபுத்திரர் என்று மூன்று அணிகள் உள்ள பிரிவு அது. இவருக்குக் கிடைத்தது சீக்கிய அணியில் ஒரு குழு. அங்கே கோவில் இருந்தது, குருத்வாரா இருந்தது. எல்லா மதத்தவருக்குமான பொதுத் தலமோ தேவாலயமோ இல்லை.

மனிதர் என்ன செய்தார்? தன் ஆட்களோடு ஒவ்வொரு அணிவகுப்புக்கும் போனார். சப்பாத்தைக் கழற்றினார், இடுப்புப் பட்டியைக் கழற்றினார், வேண்டிய நேரத்தில் தலைப்பாகை கட்டினார், கையைக் கழுவிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே நடக்கிற பூசை தெரியும். ஆரத்தி நேரத்தில் கருவறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்றார். தன் விசுவாசம் ஒரு காரணம். மனமில்லாமல் உள்ளே போய் நின்று மற்றவர்களின் புனிதத்தைக் கெடுக்கக்கூடாது என்பது இன்னொரு காரணம். தன் வீரர்கள் ஒருவரும் இதை அவமதிப்பாக எடுக்கவில்லை என்பதும் அவர் வாதம்.

2021 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. இராணுவ நீதிமன்ற விசாரணையும் இல்லை. அப்படி விசாரித்தால் தேவையில்லாத சர்ச்சை கிளம்பி, படையின் மதச்சார்பின்மைக்குப் பங்கம் வந்துவிடுமாம். அவர் தொடுத்த வழக்கில் 2025 மே 30ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றமும் இந்த நியாயத்தை ஒத்துக்கொண்டது. கோவிலுக்குள் போகாதவனை வேலையிலிருந்து தூக்குவது மதச்சார்பின்மை, அதைப் பற்றி வாய்திறந்து விசாரிப்பது மதச்சார்பின்மைக்கு ஆபத்து! இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பில் எழுதும்போது பேனா இடறாமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சூரிய காந்த் தலைமை நீதிபதியாகி இரண்டாம் நாள். இது மிகமோசமான ஒழுங்கீனம், இதற்காகவே தூக்கியெறிந்திருக்க வேண்டியவர், நல்ல அதிகாரியாக இருக்கலாம் ஆனால் இராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்று மூச்சுவிடாமல் சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே போனால் உன் மதம் கெடாது என்று ஒரு பாதிரியாரே சொன்ன பிறகும் இவருக்கென்ன பிடிவாதம் என்றும் கேட்டார்கள். ஒருவனுடைய மனச்சாட்சியில் என்ன இருக்கிறது என்று அவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள்.

தமிழனுக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துச் சிரிக்க முடிந்தால் அது பெரிய கொடுப்பினை. கருவறைக்குள் விடு என்று நூறு வருடமாகக் கத்துகிற இனம் இது. பெரியார் கடைசிக் காலத்தில் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்று ஒரு முடிச்சையும் போட்டுவிட்டது. தகாதவன் தொட்டால் தீட்டு என்கிற அந்த முடிச்சை அவிழ்த்து, பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினரிலும் சிலரை அர்ச்சகர்களாக நியமிக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று. அதன்பிறகும் வழக்கு ஓயவில்லை. மந்திரம் கற்று, குளித்து, பக்தியோடு வாசலில் நிற்கிறவனுக்கு உள்ளே போனால் தீட்டு. வேறு கடவுளைக் கும்பிடுகிற ஒருவன் எனக்கு வேண்டாம் ஐயா என்று முற்றத்தில் நின்றால் அது தேசத் துரோகத்துக்கு அடுத்த குற்றம். ஆகமத்துக்குத் துப்பாக்கியைக் கண்டால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் இந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டோம்? ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தோசைக்குக் காத்திருக்கும்போது காதில் விழுந்தது. "ஆமிக்காரன் எண்டால் சொன்னதைச் செய்யத்தானே வேணும் அண்ணை? இரண்டு நிமிசம் உள்ளுக்கை போய் நிண்டா என்ன, தேய்ஞ்சே போயிடுவார்?" பக்கத்திலிருந்த சென்னைத் தம்பி ஒருவர், "கரெக்ட் சார், ஆர்மின்னா டிசிப்ளின்" என்று தலையாட்டினார். ஈழமும் தமிழகமும் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசி நான் கேட்டு வெகு நாளாயிற்று.

அந்த அண்ணையின் பிள்ளைகள் படித்தது நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளியில். அங்கே வாரத்தில் ஒரு பாடவேளை மத போதனைக்கு உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளையை அதில் உட்கார வைக்க முடியாது. எங்கள் ஆட்கள் இந்தப் படிவத்தை எவ்வளவு கவனமாக நிரப்புவார்கள் தெரியுமா? பிள்ளை பைபிள் வகுப்பில் அரை மணி நேரம் இருந்துவிட்டால் திருநீறு அழிந்துவிடும் என்ற பதைப்பு. இரண்டு நிமிசம் இருந்தால் தேய்ந்தா போகும் என்று பள்ளி அதிபர் கேட்டிருந்தால், அடுத்த நாளே அமைச்சருக்கு மனு போயிருக்கும்.

ஊர்க் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் சனங்களின் காணியில் ஆமி விகாரை கட்டியது. அதற்கு எதிராக இங்கேயும் பதாகை பிடிக்கிறோம், பிடிக்கத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆமி தன் கொடிகளையெல்லாம் அனுராதபுரத்துப் போதி மரத்தடிக்குக் கொண்டுபோய் ஆசி வாங்குவதைக் காட்டி, பாருங்கள் இது ஒரு மதத்தின் படை என்று உலகத்துக்குச் சொல்கிறோம். பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிற இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையை நித்திரையிலும் ஒப்பிப்போம். சரி. தையிட்டி இருக்கிற அதே வலிகாமம் வடக்கில்தான் மாவிட்டபுரமும் இருக்கிறது. 1968இல் தாழ்த்தப்பட்ட சனம் கந்தசுவாமி கோவிலுக்குள் போகக் கேட்டபோது, கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சுந்தரலிங்கம் ஆட்களோடு வாசலில் நின்று மறித்தார். கோவில் வாசலில் யாரை மறிப்பது, யாரைத் தள்ளிவிடுவது என்பதை நாங்களும் சிங்கள ஆமியிடம் கற்கவில்லை.

இதில் வரலாற்றுக் கூத்து ஒன்றும் உண்டு. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடொக் ஓர் உத்தரவு போட்டார். அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, புதுத் தலைப்பாகையை வை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டை எரிந்தது. அன்றைக்கு மறுத்த சிப்பாய்களைத் தியாகிகள் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறோம். நெற்றியை அழி என்ற உத்தரவை மீறியவன் வீரன், ஆரத்திக்கு உள்ளே வா என்ற உத்தரவை மீறியவன் ஒழுங்கீனன். உத்தரவு போட்டவன் வெள்ளைக்காரனா, நம்மவனா என்பதைப் பார்த்துத்தான் மனச்சாட்சிக்கே மரியாதை.

கூட்டாகக் கும்பிட்டால்தான் ஒற்றுமை வரும், ஒற்றுமை வந்தால்தான் சண்டை பிடிக்கலாம் என்கிறார்கள். ராஜபுத்திரப் படை பஜ்ரங் பலிக்கு ஜே போடுகிறது, கூர்க்காக்கள் காளியைக் கூப்பிடுகிறார்கள். இவை வெறும் ஊக்கமூட்டும் முழக்கங்கள்தான் என்கிறது டெல்லித் தீர்ப்பு. மெட்ராஸ் படைப்பிரிவின் முழக்கத்தைக் கேளுங்கள்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" ஒரு சாமி பெயரும் இல்லை. இத்தனை போரில் அவர்கள் சாமி துணையில்லாமல் ஓடிவிட்டார்களா? (அந்தப் பிரிவின் இலச்சினை வாசகம் கீதையிலிருந்து எடுத்தது.)

அமெரிக்காவுக்கும் இந்த வியாதி உண்டு. 2010இல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸ் முகாமில் ஒரு கிறிஸ்தவ இசை நிகழ்ச்சிக்குப் போக மறுத்த பயிற்சி வீரர்களைப் படுக்கைக் கூடத்தில் அடைத்துத் துப்புரவு செய்ய விட்டார்கள். 2014இல் உறுதிமொழியில் கடவுளை விட்டுவிட்ட விமானப் படை வீரன் ஒருவனை மீண்டும் சேர்க்க மறுத்தார்கள். வழக்கு வரும் என்று தெரிந்ததும் விதியை மாற்றினார்கள். அவுஸ்திரேலியாவும் யோக்கியம் அல்ல. 2021 குடிசன மதிப்பில் 38.9 வீதமானவர்கள் மதமில்லை என்று எழுதிய நாடு இது. அரச பதவிக்கு மதப் பரீட்சை கூடாது என்று அரசியலமைப்பின் 116ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் நடுக்கடலில் மனம் உடைந்த மாலுமிக்கு வாய்த்ததெல்லாம் ஒரு பாதிரியார்தான். மதம் சாராத நலன் அலுவலர்களைக் கடற்படை எடுக்கத் தொடங்கியது 2020இல்.

இனிக் கடவுளே இல்லை என்கிறவனின் பாட்டை யோசியுங்கள். கமலேசனுக்காவது காட்ட ஒரு வேதம் இருந்தது, அதை வைத்து வாதாடினார், தோற்றார். இவனுக்கு வேதமும் இல்லை, சான்று சொல்லப் பாதிரியாரும் இல்லை. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு மதத்துக்கு முன்னால் மனச்சாட்சியைத்தான் எழுதுகிறது. ஆனால் 33ஆம் உறுப்பின்படி சீருடைக்காரனின் உரிமையைப் பாராளுமன்றம் குறைத்துக்கொள்ளலாம். பண்டிதர், கிரந்தி, மௌலவி, பாதிரி, பிக்கு என்று மதப் போதகர்களைச் சம்பளம் கொடுத்துச் சேர்க்கிற இராணுவம் அது. இவன் யாரிடம் போவான்? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்த் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். வருடக் கணக்காக நடிப்பான். பதவி உயர்வும் வரும்.

அந்த இரண்டு நிமிசக் கணக்குத்தான் எனக்கு இன்னும் தீரவில்லை. அண்ணை சொன்னதுபோல் அது அற்ப நேரம் என்றால், ஓர் அதிகாரி முற்றத்தில் நிற்கிற அந்த இரண்டு நிமிசத்தை ஒரு டாங்கிப் படைப்பிரிவால் ஏன் தாங்க முடியவில்லை?