எடுத்தவன் குடுக்கணும்லே

ஏலே பேராண்டி, ரிலீஸைத் தானாப் பாத்துக்கிடுற ஏ.ஆர்.சி. இல்லாத பழைய ஆப்ஜெக்டிவ்-சி ப்ராஜெக்ட்டைத் தலையில கட்டிட்டானுவன்னு கண்ணைக் கசக்கிட்டு நிக்கியே, பச்சப்புள்ள கெட்டுது போ! அதுல இருக்கது நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்துலேந்து வர்ற என்எஸ்ஸ்ட்ரிங். அலாக், இனிட்டுன்னு நீ வீராப்பா எழுதுதது, கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுக்க மாதிரி. கையெழுத்துப் போட்டவன்தான் திருப்பிக் குடுக்கணும். ரிலீஸ் சொல்லாம நீ பாட்டுக்குப் பந்தியில உக்காந்தா, மெமரி வீங்காம என்னலே செய்யும்?

அதுக்காகக் கண்ணுல பட்டதையெல்லாம் ரிலீஸ் பண்ணிராத ராசா. ஸ்ட்ரிங்வித்ஃபார்மட்னு கேட்டு வாங்குனது உன் பேருல இல்ல. அதை ஆட்டோரிலீஸ் பூல் பாத்துக்கிடும். நீயும் கை வச்சேன்னா, அந்த நேரம் ஒண்ணும் ஆகாது. பூல் காலியாகும்போது ஆப் பொத்துன்னு விழும். நீ சம்பந்தமில்லாத வரியை முறைச்சுக்கிட்டு இருப்ப. ஸாம்பி ஆப்ஜெக்ட்ஸை ஆன் பண்ணிப் பாரு, செத்த எந்த ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட்டதுன்னு காட்டிக் குடுத்துரும். அலாக், நியூ, காப்பி, மியூட்டபிள்காப்பின்னு பேரு தொடங்குற மெத்தட் குடுத்தா உன் பொறுப்பு. ரீடெய்ன் பண்ணுனாலும் உன் தலையிலதான். மத்தது ஊரான் சொத்து.

பெறவு, ரீடெய்ன்கவுன்ட்டை எட்டிப் பாக்குற புத்தி ஒண்ணு இருக்கே உனக்கு! அட் குறி போட்டு மேற்கோளுக்குள்ள எழுதுன ஸ்ட்ரிங், ப்ரோக்ராம் முடியிற வரைக்கும் சாகாது. ரிலீஸெல்லாம் அதுங்கிட்ட பலிக்காது. அதுகிட்டப் போய்க் கவுன்ட் கேட்டா ஆகாசத்தை முட்டுற எண்ணைக் காட்டும். லீக்கு லீக்குன்னு ஊரைக் கூட்டுவியோ?

"2011லயே ஏ.ஆர்.சி. வந்துட்டுல்லா, புது ப்ராஜெக்ட்ல கம்பைலரே ரிலீஸ் போட்டுக்கிடும்"னு வாய் பேசுத. வாஸ்தவம்தான் அய்யா. ஆனா ஒரு லூப்புக்குள்ள லட்சம் ஸ்ட்ரிங்கை ஃபார்மட் பண்ணிட்டு, உள்ள ஒரு ஆட்டோரிலீஸ்பூல் பிளாக் போடலேன்னா, லூப் முடியிற வரைக்கும் அம்புட்டும் குமிஞ்சு கெடக்கலாம். அதுக்குக் கம்பைலர் வந்து நிக்காது.

இன்னொரு கூத்து: ஸ்ட்ரிங் ப்ராப்பர்ட்டிக்கு ஸ்ட்ராங்னு போட்டு வச்சிருக்கியே, ரொம்ப நல்லவன்லே நீ! எவனாவது மியூட்டபிள்ஸ்ட்ரிங்கைக் குடுத்துட்டு, பின்னால அதுல ரெண்டெழுத்தை மாத்துனா, உன் ஆப்ஜெக்ட்டுக்குள்ள இருக்க ஸ்ட்ரிங்கும் சத்தமில்லாம மாறிரும். காப்பின்னு போடு. வந்தது மாறாத ஸ்ட்ரிங்கா இருந்தா, அது புதுசா நகல்கூட எடுக்காது, ரீடெய்ன் மட்டும் பண்ணிக்கிடும். காசா பணமா? போ, போயி அதை மொதல்ல மாத்து.