ஆரம்பப் பிள்ளைக்கு ஒரு வட்டம்

மருதானை டவர் ஹோல் அரங்கு 1911இல் திறந்தது. அங்கே நூர்த்தி எனும் சிங்கள இசை நாடகம் பார்த்து, விஸ்வநாத் லௌஜி அமைத்த இந்துஸ்தானி மெட்டுகளை முணுமுணுத்தபடி வீடு திரும்பியவர்களிடம் எவரும் ராக இலக்கணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப்பேர் அடுத்த கிழமை வந்திருக்கமாட்டார்கள்.

நம் இசை அகராதிக்காரர்களுக்கு இந்த அசட்டை பொறுக்காது. பிள்ளை சரளி வரிசைக்கு உட்கார்ந்து, மாயாமாளவகௌளை என்றால் என்னவென்று புரட்டுகிறது. '15ஆம் மேளம், அந்தர காந்தாரம், காகலி நிஷாதம் உடையது.' சரி, அந்தர காந்தாரம்? 'மாயாமாளவகௌளையில் வருவது.' வட்டம் பூர்த்தி. அந்த 15 எப்படி வந்தது? எழுத்தை எண்ணாக்கும் கடபயாதிக் கணக்கு: மா 5, யா 1, திருப்பிப் போடு. இதற்குப் பெயர் 'எளிய அறிமுகம்'. 72 மேளங்களின் அட்டவணை அடுத்த பக்கத்தில் காத்திருக்கிறது.

விஞ்ஞானம் படித்த விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) முழுக்கக் கணக்குத்தான். ஆனால் அதைப் பாலர் பாடமென்று யாரும் விற்கவில்லை.

ஆர்மோனியத்தில் ஒருதரம் ஸ ரி க ம அழுத்திக் காட்டினால் போதாதா என்றால், அதற்கு அடிக்குறிப்புப் போட முடியாதாம்.