விரல் நீட்டும் உறுப்பினர்

நம் கிள்ளான் வட்டார உள்ளாட்சி மன்ற உறுப்பினரின் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அவருடைய முகம் மறந்துபோகலாம், வலது கை ஆள்காட்டி விரல் மறக்காது. சாலையில் குழி என்றால் அந்த விரல் சாய்வாகக் கீழே இறங்கும். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் வந்தால் பட்டப்பகலில் அண்ணாந்து மேலே ஏறும். மூன்று நாள் குப்பை என்றால் விரல் ஒரு பக்கம் நீளும், மூக்கு மறுபக்கம் திரும்பும். லோங்காங் அடைப்புக்கு மட்டும் சற்றுக் குனிய வேண்டும். தொப்பை இடங்கொடுக்காதவர்கள் ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மறுகையை நீட்டிச் சமாளிப்பார்கள். பக்கத்தில் பொறியியல் பிரிவு அதிகாரி கோப்பை மார்போடு அணைத்தபடி விரல் போகும் திசையைக் கவலையோடு பார்ப்பார். குத்தகையாளர் அதைவிடக் கவலையோடு பார்ப்பார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மட்டும் கேமராவைப் பார்ப்பார். மண்வெட்டியோடு வந்த வங்காளதேசத் தொழிலாளி படம் எடுத்து முடியும்வரை லாரி ஓரமாக ஒதுங்கி நிற்பார். குழியை மூடப்போகிறவர் அவர் ஒருவர்தான், அதனால் படத்தில் அவருக்கு இடமில்லை. சட்டமன்ற உறுப்பினரும் வந்துவிட்டால் முதல் விரல் அவருடையது. நம்மவர் அரை அடி பின்னால் நின்று அதே குழியை இரண்டாம் விரலால் வழிமொழிவார். ஆட்சிக்குழு உறுப்பினரும் சேர்ந்துகொண்டால் மூன்று விரல், ஒரு குழி.

அன்று மாலையே படங்கள் முகநூலில் ஏறிவிடும். முன்பு, பின்பு என்று இரட்டைப் படங்களாகப் போடுவது இப்போதைய முறை. முன்பில் குழி இருக்கும், பின்பில் கறுப்பாக ஒட்டுப்போட்ட தார் இருக்கும். அடுத்த அடைமழையில் ஒட்டு பெயர்ந்து, குழி இன்னும் கொஞ்சம் வளர்ந்து, மறுபடியும் முன்பு ஆகிவிடும். கிள்ளானில் மழைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஆகவே நல்ல இடத்தில் அமைந்த ஒரு குழி ஒரு தவணைக்காலம் முழுக்க ஓர் உறுப்பினருக்குச் சோறு போடும். 2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் நகராண்மைக் கழகம் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறின, கடிதத்தாள் மாறியது, உறுப்பினரின் முகவரி அட்டையும் மாறியது. விரல் மட்டும் அதேதான், இப்போது அது மாநகர்க் குழிகளைச் சுட்டுகிறது.

இதை விளம்பரப் பைத்தியம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படிச் சொல்பவர்கள் அந்தப் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்று யோசிப்பதில்லை. தெருக்காரர்களுக்குக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியும். தினமும் மோட்டார் சைக்கிளில் அதில் விழுந்து எழுகிறவர்கள் அவர்கள்தான். படம் அவர்களுக்கு எதையும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படித்தால் விஷயம் விளங்கும். மேயரோ தலைவரோ தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும், தவணை 3 ஆண்டுக்கு மேற்படாது, மறுபடியும் நியமிக்கலாம். 15ஆம் பிரிவு உள்ளாட்சித் தேர்தல் என்ற பேச்சுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆக, நம்மவருக்குப் பதவியைக் கொடுத்தது உங்கள் வாக்கு அல்ல, ஒரு கடிதம். கடிதத்துக்குப் பின்னால் கட்சியின் கோட்டா இருக்கிறது, கோட்டாவுக்குப் பின்னால் கிளை, தொகுதி, மாநிலம் என்று படிப்படியாகப் பெயரை ஏற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த விரல் குழியைக் காட்டுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது மேலே இருப்பவருக்கு, நான் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன், அடுத்த கடிதத்தில் என் பெயரை விட்டுவிடாதீர்கள் என்று காட்டுகிறது. தவணை முடியப்போகும் மாதங்களில் ஊரில் குழிகள் திடீரெனப் பெருகியதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

சுட்டிக்காட்டிய பிறகாவது காரியம் நடக்கிறதா என்று பார்த்தால் அங்கேயும் விரலுக்கு எட்டும் தூரம் கொஞ்சம்தான். குழி விழுந்த சாலை மாநிலச் சாலையோ கூட்டரசுச் சாலையோ ஆனால் அது பொதுப்பணித் துறையுடையது. பெரிய கால்வாயும் ஆறும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்குச் சொந்தம். குழாய் உடைந்தால் ஆயர் சிலாங்கூர், மின்கம்பம் சாய்ந்தால் தெனாகா, குப்பை என்றால் மாநில அரசின் கேடிஇபி நிறுவனம். வீட்டு வாசலில் ஓடும் சின்ன லோங்காங் மட்டும் ஐயம் திரிபற மன்றத்துக்கு உரியது. அதிலும் உறுப்பினர் சொன்னால் உடனே வேலை நடக்கும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. பொறியாளர், சுகாதார அதிகாரி, லைசென்ஸ் பிரிவுக் குமாஸ்தா எல்லாரும் மன்றத்தின் ஊழியர்கள். அவர்களை நியமிப்பதும் மாற்றுவதும் நிர்வாகம். மேயரே அரசு சேவையிலிருந்து நியமனமாகி வருபவர். உறுப்பினர் ஒரு தவணை இருப்பார், போவார்; குமாஸ்தா ஓய்வுபெறும்வரை இருப்பார். இது இருவருக்கும் தெரியும். ஆகவே நம்மவர் தொலைபேசியில் குரலை உயர்த்துவதும், மறுமுனையில் ஒதுக்கீடு இல்லை என்ற பதில் பணிவாக வருவதும் ஒரு சடங்காகவே நடந்துவருகிறது. தீபாவளிக்கு முன் தெங்கு கிளானா சாலையில் தற்காலிகக் கடைக்குப் பெர்மிட் கேட்டு அலைகிறவர்களுக்கு இந்தச் சடங்கு மனப்பாடம். அவரை ஒய்.பி. என்று கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் சட்டமன்ற உறுப்பினருக்குத்தான் உரியது என்று அவரும் திருத்தமாட்டார்.

சரி, அதிகாரமே இல்லாத மனிதரைக் கேலி செய்வது நியாயமா என்று கேட்கலாம். பாதி நியாயம்தான். வெள்ளம் வந்த இரவில் கைப்பேசியை எடுக்கிறவர் அவர். 2021 டிசம்பர் போன்ற வெள்ளம் வந்தால் துறைகள் எல்லாம் யாருடைய பம்பு, யாருடைய மதகு என்று பேசிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் தூக்கி வருகிறவர் இந்த வகை ஆள்தான். சாவு வீட்டுக்குக் கூடாரம் வேண்டும் என்றால் நள்ளிரவில் ஏற்பாடு செய்வார். மின்சுடலைக்கு நேரம் வாங்கித் தருவார். வீட்டுக் கிழவி ‘தம்பி, எங்கள் தெரு லைட்டு’ என்று தொடங்கினால் முழுவதும் கேட்பார். கிள்ளான் மாவட்டத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மன்றத்தில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாது. தலைக்குச் சுமார் 40,000 பேரின் கண்ணீரும் குப்பையும். இவ்வளவுக்கும் அவருக்கு ஒரு படித்தொகை, அதில் பாதி மொய்க்கும் மலர்வளையத்துக்குமே போய்விடும். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மறுபாதிக்கு வருவோம். அவருக்கு அதிகாரமே இல்லை என்பது முழு உண்மையல்ல. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் மன்றத்தின் முன் வைக்கப்படும்போது அவர் அங்கே ஓர் உறுப்பினர். நீங்களும் நானும் ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டும் மதிப்பீட்டு வரி எங்கே போகிறது, சாலைப் பராமரிப்புக்கு எவ்வளவு, அலங்கார வளைவுக்கும் விழா மேடைக்கும் எவ்வளவு, லோங்காங் சுத்தம் செய்யும் குத்தகை யாருக்கு, என்ன நிபந்தனையில், போட்ட தார் மூன்றாம் மாதமே பெயர்ந்தால் குத்தகையாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா, அமலாக்கப் பிரிவில் ஆள் அதிகமாகவும் துப்புரவு மேற்பார்வைக்கு ஆள் குறைவாகவும் இருப்பது ஏன் என்று கேட்கும் இடம் அதுதான். அங்கே நம்மவர் கல்யாண மேடையில் மாப்பிள்ளைத் தோழன்போல் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். எண்கள் பக்கம் பக்கமாகப் புரண்டு போகும். எந்தப் பக்கத்திலும் அந்த விரல் இறங்காது. ஒரு வரியைச் சுட்டி, இது ஏன் இப்படி என்று கேட்டால் அடுத்த கடிதம் வராமல் போகலாம். வரவு செலவு அட்டவணைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்துக்கு யாரும் விருப்பக்குறி போடப்போவதுமில்லை. கூட்டம் முடிந்து தேநீர் நேரத்தில் எடுத்த குழுப்படம் மட்டும் வரும். அதில் எல்லாருடைய கட்டைவிரலும் உயர்ந்திருக்கும். இது சிரிக்கிற விஷயமில்லை. வரிப்பணம் கணக்குக் கேட்பாரில்லாமல் செலவாகிறது, கேட்க வேண்டியவர் வெளியே குழிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

கடிதத்தால் வருகிறவர்கள் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதற்குப் பண்டமாரானைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அன்றைய கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர், சட்டமன்ற உறுப்பினரும்கூட, கட்டட வரைபடம் சமர்ப்பிக்காமலேயே அங்கே ஒரு மாளிகையை எழுப்பிய செய்தி 2006இல் நாடு முழுக்க நாறியது. அவருடைய முந்தைய வீட்டுக்குப் பல ஆண்டுகளாக மதிப்பீட்டு வரி கட்டவில்லை என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அவருடைய மகனும் மருமகளும் அதே கழகத்தில் உறுப்பினர்கள். ஒரு வீட்டில் மூன்று கடிதம். அது தேசிய முன்னணிக் காலம், இப்போது ஆட்சி மாறிவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். 2008இல் சிலாங்கூரில் ஆட்சி மாறியது உண்மைதான். அதற்கு முன் உள்ளாட்சித் தேர்தல் வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்கள்தான் ஆட்சிக்கு வந்தார்கள். வந்தபின் கோட்டாவின் பங்காளிகள் மாறினார்கள், கோட்டா அப்படியே இருக்கிறது. பினாங்கு மட்டும் 2012இல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டது.

தேர்தல் என்றாலே எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு: இனச்சண்டை வரும், நகரங்கள் ஒரே இனத்தின் கைக்குப் போகும், நம்மைப் போன்ற சிறுபான்மையினர் துடைத்தெறியப்படுவார்கள். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் இனத்தைக் காரணம் காட்டித்தான் யோசனையை மூடினார். நம்மவர்களில் பலர் இதை நம்புகிறார்கள். கோட்டாவில் ஓர் இந்தியர் வருகிறாரே, அதுவாவது மிஞ்சட்டும் என்பது அவர்கள் கணக்கு. வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜார்ஜ்டவுனில் 1957இல் தொழிற்கட்சி தேர்தலில் வென்றபோது முதல் மேயரானவர் டி.எஸ். ராமநாதன். சீனர்கள் நிறைந்த ஈப்போவின் நகர மன்றத்தைத் தேர்தலில் வென்று ஆண்டது சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி. வாக்கு இருந்த காலத்தில் நம் ஆட்கள் மேயராகவும் மன்றத் தலைவராகவும் இருந்திருக்கிறார்கள். கடிதம் வந்தபிறகு குழிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். 1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த ஆண்டே உள்ளாட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய செனட்டர் ஆதி நாகப்பனும் தமிழர்தான். சில மன்றங்களில் நடந்த முறைகேடுகளை நன்றாக அலசிப் பார்த்துவிட்டு, 1968இல் அவருடைய ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. மோதல் 1966இலேயே முடிந்துவிட்டது. நிறுத்திவைத்தது இன்னும் நிறுத்தியபடியே இருக்கிறது.

கிள்ளான்காரர்களுக்கு ஓர் ஆறுதல் வேண்டுமானால் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பார்க்கலாம். 1890இல் சுகாதார வாரியத்தோடு தொடங்கிய உள்ளாட்சி கோலாலம்பூருடையது; 1952இல் வாக்குப்பெட்டியையும் கண்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த மன்றம் போய் நியமனம் வந்தது. இன்று டத்தோ பண்டார் எனும் மேயருக்கு ஆலோசனை சொல்ல நியமிக்கப்பட்ட ஒரு வாரியம் உண்டு, அவ்வளவுதான். 2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா, துன் சம்பந்தன் சாலையில் தோரணத்தோடு நிற்கிறது. அங்கே நடைபாதைக் கல் பெயர்ந்தால் சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

தேர்தல் வரும்போது வரட்டும். அதுவரை கையில் இருக்கும் ஒன்றையாவது பயன்படுத்துங்கள். உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்குத்தான் அந்த உரிமை தானாகக் கிடையாது. கூட்டம் என்றைக்கு என்று தெரியாவிட்டால் உங்கள் உறுப்பினரையே வாட்ஸ்அப்பில் கேளுங்கள், அதற்காவது அவர் உடனே பதில் போடுவார். தெருவுக்கு நாலு பேராகப் போய் உட்காருங்கள். உங்கள் வட்டாரத்துச் சாலைக்கும் லோங்காங்குக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், அதைப் பற்றி உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை குழிப் படம் ஏறும்போது அதன் கீழே போடலாம்.