மேஜை வருகிறது, வழி விடுங்கள்

கேள்வி: மசாஜ் செய்பவர் வீட்டுக்கே வருகிறார் என்றால் வீட்டில் என்ன ஏற்பாடு தேவை?

பதில்: முதலில் இடம். மடக்கு மேஜை சுமார் 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். சுற்றிலும் ஆள் நடமாட இரண்டரை அடி. ஆக, 11-க்கு ஏழரை அடி. சோபாவை நகர்த்தினால் போதும். காணாமல்போன ரிமோட்டும் கிடைக்கும். கட்டில் மெத்தை உதவாது: அமுக்கும் பலத்தில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

எண்ணெய் பூசி அசையாமல் கிடக்கும் உடம்பு சீக்கிரம் குளிரும், மின்விசிறிக்கு ஓய்வு. நல்லெண்ணெய்க் கறை லேசில் போகாது. மேஜைமேல் விரிக்கப் பழைய வேட்டி, கல்யாணப் பரிசாக வந்த விரிப்பு பீரோவிலேயே இருக்கட்டும். எண்ணெய்க் காலுக்கு டைல்ஸ் வழுக்கும் என்பதால் மேஜையிலிருந்து குளியலறை வரை சாக்கு. அங்கே வெந்நீர், பயத்தமாவு. செல்போன் வேறு அறையில். எட்டிப்பார்க்கும் பேரன் பக்கத்து வீட்டில்.