என்னையும் ஒரு வெண்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெறுநர்: கண்காணிப்பாளர் அவர்கள், எங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டம், அமெரிக்கா.

பொருள்: மாணவியின் தகப்பனை மென்பொருள் நிறுவனமாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வோம் என்று உங்கள் அலுவலகக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். மனு என்றால் எனக்குத் தமிழில்தான் கை ஓடும். தாலுகா ஆபீஸ் வாசலில் பழகிய கை.

என் மகள் உங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பற்றி உங்களிடம் என்னென்ன குறிப்புகள் இருக்கின்றன, அவை யார் யார் கைக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டேன். மாணவர் தனியுரிமை என்று ஒன்று இருக்கிறது, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாது, எழுத்தில் கொடுங்கள், சட்டப்படி எங்களுக்கு 45 நாள் அவகாசம் உண்டு என்று புன்னகையோடு பதில் வந்தது. கோளாறு என் தகுதியில் இருக்கிறது. நான் வெறும் தகப்பன்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1974இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட ஃபெர்பா சட்டம். பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பெற்றோர் பார்க்க வேண்டும், அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் அது வெளியாருக்குப் போகக் கூடாது என்பதற்காகவே செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்தது. சம்மதம் கேட்கத் தேவையில்லாத ஒரு ஜாதியும் அதில் உண்டு: ‘பள்ளி அலுவலர்’. ஆசிரியர், ஆலோசகர், எழுத்தர் என்று நான் நினைத்துக்கொண்டேன். 2008இல் கல்வித் துறை திருத்திய விதிகளின்படி, நீங்கள் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட வெளி நிறுவனத்தையும் பள்ளி அலுவலராகக் கணக்கில் கொள்ளலாமாம். ஆக, எங்கோ ஒரு மாநிலத்தில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனி, உங்கள் பாஷையில் வெண்டர், என் மகளுக்குப் பள்ளி அலுவலர். நான்?

நான் யார் என்பதை உங்கள் முன்னலுவலகம் போன வாரம் ஸ்டிக்கர் அடித்தே கொடுத்தது. மகள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் உரிமத்தை ஸ்கேன் செய்தார்கள், நாட்டிலுள்ள பாலியல் குற்றவாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டார்கள், கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். என் முகத்தோடு ‘விசிட்டர்’ என்று அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர் வந்தது. அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் இன்ஹேலரை வாங்க முடியாது என்று நர்ஸம்மா வருத்தத்தோடு சொன்னார். படிவம் இருந்தது, போன வருடத்துப் படிவம். மறுநாள் காலையில் பார்க்கிறேன், சட்டையிலேயே மறந்துபோன அந்த ஸ்டிக்கரில் சிவப்புக் கோடுகள் தானாகவே பூத்திருந்தன. காலாவதி ஆகிவிட்டேன் என்று அர்த்தமாம். வெண்டர் ஒப்பந்தமோ வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் இத்தனையும் என்பீர்கள். அதை நான் கிண்டல் செய்யப்போவதில்லை. டெக்சஸ் யுவால்டியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதற்குப் பிறகு எந்தப் பெற்றோரும் வாசலில் உரிமத்தைக் காட்ட அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று அந்தப் பள்ளிக்கு 376 காவல் அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் வேலிக்கு வெளியே கதறிய பெற்றோரைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும் ஆள் குறைவில்லை. பெற்றோரை வெளியே நிறுத்துவது என்றால் நம் நாட்டில் எல்லா ஏற்பாடும் கச்சிதம்.

பென்சில்வேனியாவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் லோயர் மெரியன் என்றொரு பள்ளி மாவட்டம். உங்கள் மாநாடுகளில் அந்தப் பெயரை உரக்கச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். பணக்கார ஊர், உயர்நிலைப் பள்ளியில் ஆளுக்கொரு மேக்புக். 2009 நவம்பரில் ஹாரிட்டன் பள்ளியின் உதவித் தலைமையாசிரியர் 15 வயதுப் பையனைக் கூப்பிட்டு, நீ வீட்டில் தகாத காரியம் செய்கிறாய் என்றார். ஆதாரம், அவன் லேப்டாப்பின் கேமரா அவன் வீட்டிலிருந்தே எடுத்து அனுப்பிய படம். கையில் இருப்பது போதை மாத்திரை என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மைக் அண்ட் ஐக் மிட்டாய் என்றது குடும்பம். அவன் 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் கட்டாமல் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனான், அதனால் திருட்டைக் கண்டுபிடிக்கும் வசதியை முடுக்கினோம் என்பது மாவட்டத்தின் தரப்பு. திருடன் யாரென்று தெரியும், வீடு எங்கே என்று தெரியும், தினமும் காலையில் முதல் மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆனாலும் கேமரா விடாமல் தேடிக்கொண்டிருந்தது.

மாவட்டமே நியமித்த வழக்கறிஞர்கள் எண்ணிப் பார்த்ததில், அந்த வசதி மாணவர்களின் லேப்டாப்புகளிலிருந்து எடுத்த கேமராப் படங்களும் திரைப் படங்களுமாக 50,000க்கு மேல் தேறின. இப்படி ஒரு வசதி இருப்பதையே பெற்றோரிடம் சொல்லியிருக்கவில்லை. கிரிமினல் வழக்கு யார் மீதும் வரவில்லை. மாணவர் தரப்பு தொடுத்த சிவில் வழக்குகள் 2010 அக்டோபரில் 6 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு சமரசம் ஆயின. அதில் 4 லட்சத்து 25 ஆயிரம் வக்கீல் கட்டணம். மிட்டாய் தின்றவனுக்கு வந்ததைவிட மிட்டாயைப் பற்றி வாதாடியவருக்கு வந்தது அதிகம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஊர் வரப்புத் தகராறும் அப்படித்தான் முடியும்.

என் மகள் அப்போது பிறக்கவேயில்லை. இந்தக் கதையை அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை. இருந்தும் நீங்கள் கொடுத்த குரோம்புக்கின் கேமரா மேல் ஒரு துண்டு பேண்ட்-எய்ட் ஒட்டி வைத்திருக்கிறாள். “வகுப்பில் எல்லாரும் ஒட்டியிருக்கிறார்கள், அப்பா” என்கிறாள். கருவியின் மேல் எதையும் ஒட்டினால் சுத்தம் செய்யும் செலவு பெற்றோரைச் சேரும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. அனுப்பிவையுங்கள், கட்டிவிடுகிறேன்.

பள்ளி அலுவலர்களாகிய கம்பெனிகள் உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது அதே விதியின் நிபந்தனை. அந்தக் கட்டுப்பாட்டின் லட்சணத்தை நாடே பார்த்தது. மதிப்பெண், வருகைப் பதிவு, முகவரி எல்லாம் வைத்திருக்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்துக்குள் 2024இல் திருட்டுக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் புகுந்தான். 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரம் போயிற்று என்றது அரசுத் தரப்பு. புகுந்தவன் மாசசூசெட்ஸைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவன். கம்பெனி பணயப் பணம் கொடுத்தது. பதிலுக்கு, திருடிய கோப்புகளை அழிப்பது போன்ற வீடியோ வந்தது. எங்கள் கிராமத்தில் ஆடு திருடியவன்கூட, ஆட்டை விட்டுவிட்டேன் என்று படம் பிடித்துக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். கம்பெனி நம்பியது. 2025 மே மாதம் அதே தரவைக் காட்டிப் பள்ளி மாவட்டங்களிடம் மறுபடியும் மிரட்டல் கடிதம் வந்தது.

வாசலில் விசிட்டரை ஸ்கேன் செய்யும் தொழிலில் பெரிய பெயர் ராப்டர் டெக்னாலஜீஸ். அவர்களுடைய 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இணையத்தில் கடவுச்சொல்லே இல்லாமல் கிடந்தன என்று 2024 ஜனவரியில் வெளிவந்தது. ஆபத்து வந்தால் பிள்ளைகளை எந்த வழியாக வெளியேற்றுவது என்ற திட்டங்களும் அதில் இருந்தன.

இத்தனை தரவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு ஃபுளோரிடாவின் பாஸ்கோ கவுண்டி விடை வைத்திருந்தது. ஷெரிஃப் அலுவலகம் பள்ளியின் மதிப்பெண், வருகைப் பதிவுகளையும் குழந்தை நலத் துறைக் குறிப்புகளையும் சேர்த்துக் குலுக்கி, பின்னாளில் குற்றவாளி ஆகக்கூடிய பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. பெற்றோருக்குச் சொல்லவில்லை. 2020இல் டாம்பா பே டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியபோது பட்டியலில் இருந்தவர்கள் 420 பேர். அந்த எண்ணைப் பார்த்து ஷெரிஃப் சிரித்திருக்க மாட்டார். எங்கள் ஊர் ஏட்டய்யா சிரித்திருப்பார். 2025 அக்டோபரில் நடந்தது வேறு வகை: பால்டிமோர் கவுண்டியின் கென்வுட் பள்ளி வாசலில் விளையாட்டுப் பயிற்சி முடித்துவிட்டு டொரிட்டோஸ் தின்றுகொண்டிருந்த பையனின் சிப்ஸ் பாக்கெட்டைச் செயற்கை நுண்ணறிவுக் கேமரா துப்பாக்கி என்று கண்டுபிடித்தது. போலீஸ் வந்து துப்பாக்கி நீட்டி, மண்டியிட வைத்து, கைவிலங்கு போட்டது. ஏற்பாடு வேலை செய்ய வேண்டிய விதத்தில்தான் வேலை செய்தது என்றது கம்பெனி.

பெற்றோர் உரிமைக்காகப் பேச ஆள் இல்லாமல் இல்லை. உங்கள் வாரியக் கூட்டத்துக்கு வந்து பார்த்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம் மைக். நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று இரவு பத்து மணி வரை கத்தினார்கள். மேரிலாந்துப் பெற்றோர் சில கதைப் புத்தகங்களிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ளலாம் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு தரப்பு தூக்கிப் பிடித்தது. பிள்ளை தன் பாலின அடையாளம் பற்றி ஆசிரியரிடம் சொன்னதைப் பெற்றோரிடம் சொல்லும்படி பள்ளிகள் ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா 2024இல் சட்டம் போட்டதை இன்னொரு தரப்பு தூக்கிப் பிடித்தது. அவரவர் நியாயம் அவரவர்க்கு. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அப்பனிடம் சொல்லாத விஷயம் நாலு இருக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்த நாலையும் அவள் குரோம்புக்கில் தோழிக்குத் தட்டினால், உங்கள் கண்காணிப்பு மென்பொருள் அன்றிரவே வாசித்து, சந்தேக வார்த்தை இருந்தால் கொடி நாட்டிவிடுகிறது. அம்மா அப்பா அறியலாமா கூடாதா என்று நாடு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறது. வெண்டர் படித்து முடித்துவிட்டான்.

அந்த மென்பொருளின் ஒப்பந்தம் அன்றைய கூட்டத்திலேயே நிறைவேறியதை எத்தனை பேர் கவனித்தார்களோ. விவாதம் இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விடும் பட்டியலில், பேருந்து டயருக்கும் சமையல்கூட ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் இருந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

எனக்கென்று உரிமையே விட்டுவைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெயர், முகவரி, பிறந்த தேதி போன்றவை ‘டைரக்டரி’ தகவல். நான் எழுதிக் கொடுத்துத் தடுக்காவிட்டால் வெளியே கொடுக்கலாம். விளையாட்டு அணியில் இருந்தால் உயரமும் எடையும்கூட அந்தக் கணக்கில் சேரும். மகள் கைப்பந்து ஆடுகிறாள். தன் எடையை என்னிடம் சொல்லவே மாட்டாள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிள்ளையின் பெயரும் தொலைபேசி எண்ணும் ராணுவ ஆள்சேர்ப்பாளர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதையும் நான்தான் எழுதித் தடுக்க வேண்டும். அதற்கான படிவம் ஆகஸ்டில் ஆன்லைனில் வந்த கட்டின் கடைசிப் பக்கத்தில், மதிய உணவுப் பட்டியலுக்குப் பின்னால் இருந்தது. சரி, சட்டத்தை மீறினால் வழக்குப் போடலாமே என்று பார்த்தால், தனிமனிதர் ஃபெர்பாவின் கீழ் வழக்குப் போட முடியாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே ஐயா, என்னை வெண்டராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். விலைப்புள்ளி பூஜ்யம் டாலர். என் மகளின் குறிப்புகளை எந்த மாநிலத்து சர்வரிலும் வைக்க மாட்டேன். வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். நேரடிக் கட்டுப்பாடு எனக்குப் புதிதல்ல, அவரையே விசாரித்துக்கொள்ளலாம். விளம்பரம் போட மாட்டேன், மூன்றாம் நபருக்கு விற்க மாட்டேன், அவளுடைய பாட்டி கேட்டால் மதிப்பெண்ணை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். தரவு கசிந்துவிட்டால் அதை அழிப்பதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவைப்பேன். அந்தத் தரம் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இந்த விண்ணப்பத்தையும் அந்த மொத்தப் பட்டியலிலேயே செருகிவிடுங்கள். டயருக்குக் கீழே வைத்தால் போதும். அன்றிரவு புத்தகச் சண்டை ஏதாவது இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வருங்காலப் பள்ளி அலுவலர்
(தற்சமயம் விசிட்டர்)